காமாலை தீர்ந்தது கீழாநெல்லியாலா, தானாகவா?

தாராவிக்காரன்:
மழை தொடங்கியதும் எங்கள் சந்தில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை. அதில் என் தம்பியும் ஒருவன். அம்மா கீழாநெல்லியை வேரோடு அரைத்து, மோரில் கரைத்து மூன்று நாள் வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பில்லை, எண்ணெயில்லை. பத்தே நாளில் கண் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஓய்வெடுக்கச் சொன்னதோடு சரி. இதற்குப் பிறகும் கைவைத்தியத்தைக் கேலி செய்வீர்களா?

செம்பூர் ஆய்வகத்தான்:
கேலி இல்லை தம்பி. சாக்கடை கலந்த தண்ணீரால் மழைக்காலத்தில் வருவது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது இ என்ற கல்லீரல் நோய். பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானாகவே அடங்கும். கஞ்சி மட்டும் குடித்திருந்தாலும் உன் தம்பி எழுந்திருப்பான். பெயரைத் தட்டிச் செல்வது கீழாநெல்லி.

மாட்டுங்கா மாமி:
அதெப்படி? நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் 1988இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்களே! ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. ஒப்பீட்டுக்காக, மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது.

செம்பூர் ஆய்வகத்தான்:
மாமி, பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மேலும் அது பி. நாம் பேசுவது ஏ, இ. பக்கத்து வீட்டு ரசீதைக் காட்டி நம் வாடகை பாக்கி தீர்ந்தது என்றால் எப்படி?

மாட்டுங்கா மாமி:
வாயடைத்துவிட்டீர்கள், மனம் ஒப்பவில்லை. தாராவித் தம்பி, செடியை எங்கே பறித்தீர்கள்? இங்கே மும்பையில் அதன் மராத்திப் பெயரைச் சொல்லி, புயி ஆவளா என்று கேட்டால் எதையாவது கட்டித் தருகிறார்கள். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்க வேண்டும். தண்டைக் கிள்ளினால் பால் வடியக் கூடாது. வடிந்தால் அது வேறு செடி.

தாராவிக்காரன்:
ரயில் பாதையோரம்தான். காய் இருந்தது, பால் இல்லை.

செம்பூர் ஆய்வகத்தான்:
அங்கே ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாயா?

தாராவிக்காரன்:
நன்றாகக் கழுவினோம் அண்ணா. இன்னொன்று கேட்க வேண்டும். எதிர்வீட்டு அக்காவுக்கு நேற்றிலிருந்து கண் மஞ்சள். ஏழாம் மாதம். அம்மா அவருக்கும் அரைத்துக்கொண்டிருக்கிறார்.

செம்பூர் ஆய்வகத்தான்:
வேண்டாம். இப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. ஹெபடைடிஸ் இ கடைசி மாதங்களில் தாயின் உயிரையே பறிக்கக்கூடியது.

மாட்டுங்கா மாமி:
இதில் நானும் அவர் பக்கம்தான். உடனே கிளம்புங்கள்.

தாராவிக்காரன்:
டாக்சி வந்துவிட்டது. ஆனால் தம்பிக்குக் குணமானது கீழாநெல்லியால்தான்.