“ஸ்விட்ச் இட் ஆஃப்” சரி, “லுக் இட் இன்டு” தப்பு: எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவுஷிப்ட் கேட்டது:

இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்கு மெயிலில் பதில் எழுதும் வேலை எனக்கு. பேச்சில் எப்படியோ சமாளித்துவிடலாம், எழுதும்போதுதான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிவப்புக் கோடு விழுகிறது.

“ஸ்விட்ச் ஆஃப் தி ரவுட்டர்” என்றால் கோடு இல்லை. “ஸ்விட்ச் தி ரவுட்டர் ஆஃப்” என்றாலும் இல்லை. “ஸ்விட்ச் ஆஃப் இட்” என்றால் மட்டும் கோடு போட்டு, “ஸ்விட்ச் இட் ஆஃப்” என்று மாற்றச் சொல்கிறது. சரி, ‘இட்’ வந்தால் நடுவில்தான் போலிருக்கிறது என்று “வீ வில் லுக் இட் இன்டு” என்று அடித்துப் பார்த்தால் அதற்கும் கோடு. அங்கே “லுக் இன்டு இட்” தானாம்.

இதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதுதானா? தேடினால் நீளநீளமாய்ப் பட்டியல்தான் வருகிறது, காரணம் எவரும் சொல்வதில்லை.

தேன்மிட்டாய்:

மனப்பாடம்தான் சகோ. இங்கிலீஷ் சீரியல் நிறையப் பாருங்கள், காது தானாகப் பழகிவிடும்.

பழையவாத்தியார்:

காது பழகத்தான் செய்யும், அதற்குள் நூறு மெயில் போய்விடும். விதி இருக்கிறது தம்பி. பட்டியல் போடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு எரிச்சல்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள். “ஹி ரேன் அப் எ பில்”: கடையில் பில்லை ஏற்றிக்கொண்டே போனான். “ஹி ரேன் அப் எ ஹில்”: குன்றின் மேல் ஓடினான். பார்க்க ஒரே அச்சு. ஆனால் முதலாவதில் ‘அப்’ வினைச்சொல்லோடு சேர்ந்தது. ‘ரன் அப்’ முழுவதும் சேர்ந்துதான் ஒரு பொருள் தருகிறது. இரண்டாவதில் ‘ரன்’ வெறும் ஓட்டம்தான். ‘அப்’ குன்றைச் சேர்ந்தது, எந்தப் பக்கம் ஓடினான் என்று சொல்கிறது. இப்போது ‘இட்’ போடுங்கள். பில் என்றால் “ஹி ரேன் இட் அப்”. குன்று என்றால் “ஹி ரேன் அப் இட்”. மாற்றிப் போட்டால் பில் மேல் ஏறி ஓடினான் என்றாகும்.

ஆக, அந்தக் குட்டிச் சொல் வினையைச் சேர்ந்ததா, பின்னால் வரும் பெயரைச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. வினையைச் சேர்ந்தது என்றால் ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ எல்லாம் நடுவில் வரும். பெயரைச் சேர்ந்தது என்றால், அதாவது அது பிரெபொசிஷன் என்றால், அதன் பின்னால்தான் வரும். பிரெபொசிஷனையும் அதன் பெயரையும் இப்படிப் பிரித்து, பெயரை முன்னால் தள்ள முடியாது.

நடுவில் ஏன் என்றால், இங்கிலீஷில் வாக்கியத்தின் கடைசி இடம் அழுத்தம் விழுகிற இடம். புதுச்செய்தியும் கனமான சொல்லும் அங்கே போகும். ‘இட்’ ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சுட்டுகிற இலேசான சொல், அழுத்தம் தாங்காது. அதனால் உள்ளே நுழைந்துகொள்கிறது. இதே காரணத்தால் பெயர் ரொம்ப நீளமாக இருந்தால் நடுவில் நிற்காது. “மாடியில் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பழைய ரவுட்டர்” என்பதையெல்லாம் ‘ஸ்விட்ச்’சுக்கும் ‘ஆஃப்’புக்கும் இடையில் திணித்தால், ‘ஆஃப்’ வருவதற்குள் படிக்கிறவர் வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்துவிடுவார். அங்கே “ஸ்விட்ச் ஆஃப்” என்று முதலில் முடித்துவிட்டு, அப்புறம் நீட்டலாம்.

1755-இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் இந்த வகை வினைகளால்தான் என்று முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் ஒருவர் மட்டும் திண்டாடவில்லை.

இரவுஷிப்ட்:

ஐயா, பில்லும் ஹில்லும் பளிச்சென்று புரிந்தது. ஆனால் புதிதாக ஒன்று வந்தால் அது வினையைச் சேர்ந்ததா பெயரைச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நமக்கு இது ஏன் இயல்பாக வர மாட்டேன் என்கிறது?

பழையவாத்தியார்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வினைகளை நாம் தமிழில் தினமும் பேசுகிறோம்: “ஃபேனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணு”, “அப்பாவைப் பிக்கப் பண்ணு”, “ஃபைலை பேக்கப் எடு”. ‘பண்ணு’ ஒட்டியதும் ‘ஸ்விட்ச் ஆஃப்’ பிரிக்க முடியாத ஒற்றைக் கட்டியாகிவிடுகிறது. எதை அணைப்பது என்பதையும் ‘-ஐ’ போட்டு முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். ஆகவே இங்கிலீஷ் எழுதும்போதும் கட்டியை அப்படியே எடுத்து வைத்து, பின்னால் ‘இட்’டை ஒட்டுகிறோம். இங்கிலீஷ்காரருக்கு அது இரண்டு சொல், இடையில் கதவு திறந்தே இருக்கிறது.

முதல் கேள்விக்கு, குட்டிச் சொல்லைப் பாருங்கள். ‘இன்டு’, ‘அட்’, ‘ஃபார்’, ‘ஃப்ரம்’, ‘வித்’, ‘ஆஃப்டர்’ இவை பிரெபொசிஷன்தான். ‘இட்’ பின்னால் வரும். “லுக் இன்டு இட்”, “ஆஸ்க் ஃபார் இட்”, “லுக் ஆஃப்டர் ஹெர்”. ‘அவே’, ‘பேக்’ இரண்டும் பிரெபொசிஷனே கிடையாது. ‘இட்’ எப்போதும் நடுவில். “த்ரோ இட் அவே”, “கிவ் இட் பேக்”. ‘அப்’, ‘அவுட்’, ‘டவுன்’, ‘ஆஃப்’ நான்கும் உங்கள் ஆஃபீஸ் மெயிலில் வருகிற அளவுக்குப் பெரும்பாலும் நடுவில்தான். “பிக் இட் அப்”, “சார்ட் இட் அவுட்”, “டேக் இட் டவுன்”, “கால் இட் ஆஃப்”. குன்று ஏறுவது, பஸ்ஸிலிருந்து இறங்குவது போன்ற விஷயங்களில்தான் மாறும்.

தொல்லை தருவது ‘இன்’, ‘ஆன்’, ‘ஓவர்’, ‘த்ரூ’. இவை இரண்டு பக்கமும் சாயும். இவற்றுக்குத்தான் தேன்மிட்டாய் சொன்ன காது வேண்டும். காதில் கேட்க வேண்டியது அழுத்தத்தை: “ஸ்விட்ச் இட் ஆஃப்” என்பதில் ‘ஆஃப்’ ஓங்கி ஒலிக்கும், “லுக் அட் இட்” என்பதில் ‘லுக்’ ஓங்கும், ‘அட்’ பதுங்கும்.

தேன்மிட்டாய்:

ஹாஹா, அப்போ நான் சொன்னதும் பாதி சரி. ஆனால் ஒரு சந்தேகம். “பிக் அப் ஹிம்” என்று வெள்ளைக்காரர் சொல்லியே கேட்டிருக்கிறேனே?

சாம்பல்பூனை:

கேட்டிருக்கலாம். “அவளை அல்ல, அவனை ஏற்றிக்கொள்” என்று ஆளை அழுத்திச் சொல்லும்போது அப்படி வரும். “பிக் அப் ஹிம் அண்ட் ஹிஸ் வைஃப்” என்று இரண்டு பேரைச் சேர்த்தாலும் வரும். காரணம் வாத்தியார் சொன்னதுதான், அங்கே ‘ஹிம்’ இலேசான சொல் இல்லை. மெயிலில் இதெல்லாம் வேண்டாம், நடுவிலேயே போடுங்கள்.

இடத்தை மாற்றினால் அர்த்தமே மாறுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். “சீ ஹிம் த்ரூ” என்றால் கஷ்டம் தீரும் வரை அவனுக்குக் கைகொடுப்பது. “சீ த்ரூ ஹிம்” என்றால் அவன் வேஷத்தைக் கண்டுகொள்வது.

மூன்று சொல் வந்தால் யோசிக்கவே வேண்டாம்: “புட் அப் வித் இட்”, “ரன் அவுட் ஆஃப் இட்” (இந்த ‘ஆஃப்’ ஒரே ‘எஃப்’ உள்ளது, ‘ஸ்விட்ச் ஆஃப்’பில் வருவது வேறு). கடைசிச் சொல் பிரெபொசிஷன், ‘இட்’ கடைசியில். அப்புறம் “கோப் அப் வித்” என்று நம் ஊரில் எல்லாரும் எழுதுகிறார்கள், அதில் ‘அப்’ கிடையாது; வெறும் “கோப் வித் இட்”.

இரவுஷிப்ட்:

மிக்க நன்றி எல்லாருக்கும். ஒன்றே ஒன்று. வாடிக்கையாளருக்கு ஒரு டாக்குமென்ட் இணைத்து, படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். “ப்ளீஸ் லுக் ஓவர் இட்” என்பதா, “லுக் இட் ஓவர்” என்பதா? ‘ஓவர்’ தொல்லைப் பட்டியலில் இருக்கிறதே.

பழையவாத்தியார்:

“லுக் இட் ஓவர்”. “லுக் ஓவர் இட்” என்றால் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது போல ஆகிவிடும். ஆனால் ‘லுக்’கை எடுத்துவிட்டு ‘கோ’ போட்டால் “கோ ஓவர் இட்” தான். ‘கோ’, ‘கம்’ இரண்டும் ‘இட்’டை நடுவில் விடாது. எது பாதுகாப்பு என்று கேட்டால், ‘இட்’டே வேண்டாம். “ப்ளீஸ் லுக் ஓவர் தி அட்டாச்டு டாக்குமென்ட்” என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

இரவுஷிப்ட்:

அனுப்பியாச்சு ஐயா. கோடு விழவில்லை.