வீட்ல இறால் தொக்கு போட்டு விக்கிறேன், எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு) நம்பர் எடுக்க 4,500 கேக்குறாங்க, நெஜமா இவ்ளோ ஆகுமா?

தண்டையார்பேட்டை_தொக்கு:
எல்லாருக்கும் வணக்கம். நானும் எங்க அத்தையும் சேர்ந்து வீட்லயே இறால் தொக்கு, நெத்திலி கருவாட்டு தொக்கு, வஞ்சிரம் ஊறுகாய் போட்டு வாட்ஸ்அப் குரூப்ல விக்கிறோம். காசிமேட்ல விடியக்காலைல சரக்கு எடுத்துட்டு வந்தா மத்தியானத்துக்குள்ள உரிச்சு, நரம்பு எடுத்து, வதக்கி பாட்டில்ல போட்டுடுவோம், இதுவரைக்கும் ஒருத்தர் கூட கெட்டுப்போச்சுன்னு சொன்னதில்ல. இப்போ பெரம்பூர்ல ஒரு கடைக்காரர் எங்க பாட்டில வச்சு விக்கிறேன்னு சொல்றார், ஆனா எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் போட்டாதான் எடுப்பேன்னுட்டார். எங்க தெருவுல ஆன்லைன் சென்டர் வச்சிருக்கவர்கிட்ட கேட்டா 4,500 ஆகும், இல்லாம வித்தா ஜெயில்னு சொல்லி பயமுறுத்துறார். அத்தை இதெல்லாம் வேணாம்மா, தெரிஞ்சவங்களுக்கு மட்டும் குடுத்துக்கலாம்னு சொல்றாங்க. வாடகை வீடு வேற. யாராவது எடுத்திருந்தா சொல்லுங்களேன், ப்ளீஸ்.

பெரம்பூர்_பொடிக்கடை:
சிஸ், மொதல்ல அந்த 4,500ஐ யாருக்கும் குடுத்துடாதீங்க. நான் இட்லிப்பொடி, சாம்பார்பொடி போடுறேன், நானே போன்லயே அப்ளை பண்ணேன். உங்க அளவுக்கு லைசன்ஸ் வேணாம், ரெஜிஸ்ட்ரேஷன் போதும், ரெண்டும் வேற வேற. நான் எடுத்தப்போ 2011ல வந்த விதிப்படி வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்தா ரெஜிஸ்ட்ரேஷன்தான், ஃபீஸ் வருஷத்துக்கு 100 ரூபா. ஃபாஸ்காஸ்னு அவங்களோட சொந்த சைட் இருக்கு, அதுல போட்டோ, ஆதார், அட்ரஸ் ப்ரூஃப் ஏத்தணும், என்ன பொருள் பண்றீங்கன்னு செலக்ட் பண்ணணும், அவ்ளோதான் (கூகுள்ல தேடினா மேல வர்றதுல பாதி ஏஜென்ட் சைட்டு, பாத்தா கவர்மெண்ட் சைட் மாதிரியே இருக்கும், உஷாரா இருங்க). அப்ளை பண்ணி 7 நாளைக்குள்ள ரெஜிஸ்ட்ரேஷன் குடுக்கணும், இல்லன்னா காரணம் சொல்லி ரிஜெக்ட் பண்ணணும், அதுவும் இல்லன்னா வந்து பாக்குறோம்னு நோட்டீஸ் விடணும்னு அந்த விதியிலயே இருக்கு. வர்ற நம்பர் 14 இலக்கம், ரெஜிஸ்ட்ரேஷன்னா 2ல ஆரம்பிக்கும், லைசன்ஸ்னா 1ல. அந்த சென்டர்காரர் சொன்னதுல ஒண்ணு மட்டும் உண்மை, எதுவுமே எடுக்காம விக்கிறது சட்டப்படி தப்புதான், ஆனா அத சொல்லி பொம்பளைங்கள பயமுறுத்தி 100 ரூபா வேலைக்கு 4,500 பிடுங்கறாங்க பாருங்க, அதான் எனக்கு வயிறு எரியுது.

ராயபுரம்_சாப்பாட்டுப்ரியன்:
நான் வாங்கி சாப்பிடுறவன், என் பக்கத்தையும் சொல்லிடுறேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தப்போ எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்துச்சில்ல, அதுலேர்ந்து மீன் ஐட்டம் எது வாங்கினாலும் எங்க பிடிச்சது, எங்க காயவச்சதுன்னு கேட்டுட்டுதான் வாங்குறேன். கருவாட்ட மொட்டமாடில காயவைப்பீங்கன்னா, அக்கா, நம்ம பக்கத்து மாடில காலைல விரல வச்சு தேச்சா கருப்பா வரும், ஃபேக்டரிங்க இருக்கற எண்ணூர், மணலி பக்கம்னா கேக்கவே வேணாம். வலை போட்டு மூடி காயவைங்க, வேலை பண்றப்போ கையில வெட்டுக்காயம் இருந்தா கட்டு போட்டுட்டு தொடுங்க, இதெல்லாம் ரூல்ஸ்லயே இருக்கு, யாரோ ஆபீசர் வந்து பாக்கப்போறார்னு இல்ல, அந்த தொக்க எங்க வீட்டு கொழந்தையும் சாப்பிடுது. நம்பர் இருந்தா நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யார்கிட்ட கேக்குறதுன்னு எங்களுக்கு தெரியும்.

வியாசர்பாடி_அத்தோ:
ராயபுரம் ப்ரோ சொல்றது சரிதான், ஆனா 100 ரூபாயோட முடிஞ்சிடும்னு நெனைக்காதீங்கக்கா. நாங்க வீட்ல மசாலா, முட்ட எல்லாம் ரெடி பண்ணி சாயங்காலம் வண்டில அத்தோ (பர்மா நூடுல்ஸ்) போடுறோம். ரெஜிஸ்ட்ரேஷன் ஈஸியா வந்துச்சு, அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரியுது. வீட்டு சிவப்பு சிலிண்டர்ல வியாபாரத்துக்கு சமைக்கக்கூடாது, 19 கிலோ கமர்ஷியல் வாங்கணும், அது வெல பாருங்க. மாநகராட்சி ட்ரேட் லைசன்ஸ்னு ஒண்ணு தனி, உங்களுக்கு வேணுமான்னு மண்டல ஆபீஸ்ல நேர்ல போய் கேட்டுடுங்க. சமைக்கிற எடம் தனியா சுத்தமா இருக்கணும்னா நியாயம்தான், ஆனா ஒரே ரூம்ல அஞ்சு பேர் படுத்து எந்திரிக்கிற வீட்ல, லாரி தண்ணிக்கு கொடம் தூக்குறவங்க எப்டி பண்ணுவாங்க? ரூல்ஸ் எழுதினவங்க யாரும் இந்த மாதிரி வீட்ட பாத்திருக்க மாட்டாங்க. ரூல்ஸ் வேணாம்னு சொல்லல, ஏரியாவுக்கு ஒரு பொது கிச்சன் கட்டி மணிக்கணக்குல வாடகைக்கு விட்டா நாங்களும் கரெக்டா பண்ணுவோம், அத யாரும் செய்ய மாட்டேங்குறாங்க.

பெரம்பூர்_பொடிக்கடை:
தம்பி சொல்ற பொது கிச்சன் ரொம்ப நல்ல ஐடியா. மகளிர் குழுவுல இருந்தீங்கன்னா பிஎம்எஃப்எம்இன்னு சின்ன உணவுத் தொழிலுக்காக 2020ல வந்த மத்திய அரசு ஸ்கீம் இப்பவும் இருக்கான்னு விசாரிங்க, அதுல லோன் எடுத்து பண்ற திட்டச் செலவுல 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம்னு இருந்துச்சு. குழு மெம்பருக்கு ஆரம்ப முதலா 40,000 வரைக்கும் குழு வழியா குடுத்தாங்க.

தண்டையார்பேட்டை_தொக்கு:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். அத்தைக்கும் படிச்சு காட்டினேன், இப்போ அவங்களே அப்ளை பண்ணிடுன்னு சொல்றாங்க. சிலிண்டர் விஷயம் சுத்தமா தெரியாது, கணக்கு போட்டு பாட்டில் வெலைய ஏத்தித்தான் ஆகணும். வலையும் வாங்கிடுறேன் தம்பி. கடைசியா ஒண்ணு, லேபிள்ல என்னென்ன போடணும்? இப்போ பேர், வெல, என் போன் நம்பர் மட்டும்தான் இருக்கு.

பெரம்பூர்_பொடிக்கடை:
அது பத்தாது சிஸ். என்னென்ன சேர்த்திருக்கோ அத அதிகமா இருக்கறதுலேர்ந்து வரிசையா எழுதணும், எடை, எம்ஆர்பி, பேட்ச் நம்பர், செஞ்ச தேதி, எது வரைக்கும் சாப்பிடலாம்ங்கற தேதி, வீட்டு முழு அட்ரஸ், அந்த 14 இலக்க நம்பர் எல்லாம் வரணும். நான்வெஜ்ங்கறதால சதுரத்துக்குள்ள பிரவுன் முக்கோணம் போடுங்க, பச்சை வட்டம் போட்ட ரெடிமேட் ஸ்டிக்கர வாங்கி ஒட்டிடாதீங்க. இறால், மீன் ரெண்டும் அலர்ஜி லிஸ்ட்ல இருக்கு, அதனால ‘இறால் உள்ளது’ன்னு தனியா தெரியற மாதிரி போடணும். பிரிண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி டிசைன இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.