மலையில் புது ஹைட்ராலிக் பிரஸ்: முதல் 50 மணி நேரம்

குன்னூர், தேயிலை ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்

சி.டி.சி. (தேயிலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டுற மெஷின்) ரோலர் ஷாஃப்டில் பேரிங் ஏற்றி இறக்க 100 டன் பிரஸ் வாங்குறவங்களுக்கு நீலகிரியில் நாலு ஊர் ஒர்க்‌ஷாப்காரங்க சொல்றது இது. கோயம்புத்தூரில் ஓட்டிக் காட்டும்போது சத்தமே இல்லாத மெஷின், மேலே வந்த முதல் காலையிலேயே ஜல்லி அரைக்கிற மாதிரி கத்தும். பம்ப் போச்சுன்னு கழற்றிடாதீங்க. முதலில் சக்‌ஷன் பக்கம், அதாவது பம்ப் எண்ணெயை உறிஞ்சுற பக்கம், பாருங்க.

டேங்க் எண்ணெயைப் பம்புக்குள்ளே தள்ளிக் கொடுக்கிறது வெளிக் காற்றழுத்தம்தான். ஊட்டி 2240 மீட்டர் உயரம். கடல் மட்டத்து அழுத்தத்தில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான் அங்கே இருக்கு. அதோட குளிர். வி.ஜி. 46 (எண்ணெயின் தடிப்பைச் சொல்ற எண்) எண்ணெய் 40 டிகிரியில் இருக்கிறதைவிட 10 டிகிரியில் சுமார் ஐந்து மடங்கு தடிப்பா இருக்கும். தள்ளுற பலம் குறைவு, தள்ள வேண்டிய சரக்கு கெட்டி. பம்ப் பாதி வெறும் வாயோட சுத்தும், உள்ளே அரிக்கும்.

கத்தினா ஒரு சின்ன சோதனை. ஆயில் கேனை எடுத்து சக்‌ஷன் ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் ரெண்டு சொட்டு விடுங்க. எந்த இடத்தில் விட்டதும் சத்தம் அடங்குதோ அங்கே காற்று இழுக்குது, கிளாம்ப் லூஸ். எங்கேயும் அடங்கலைன்னா கேவிட்டேஷன், அதாவது எண்ணெய் பத்தாம பம்புக்குள்ளே குமிழி உண்டாகி உடையுறது. ஸ்ட்ரெய்னரில் (எண்ணெய் வடிகட்டுற சல்லடை) பஞ்சு, பேக்கிங் துணுக்கு இருக்கான்னு பாருங்க. சக்‌ஷன் ஹோஸை ஒரு சைஸ் பெரிசாக்கி, நீளத்தைக் குறைங்க. ஆர்டர் கொடுக்கும்போதே டேங்க் பம்புக்கு மேலே இருக்கணும்னு கேட்டு வாங்கினா இந்தத் தலைவலியில் பாதி கிடையாது.

கோத்தகிரி, ஃபேப்ரிகேஷன்

அண்ணன் சொன்னதுக்கு முந்தின வேலை ஒண்ணு. லாரி மலை ஏறி வர்ற குலுக்கலில் ஃபிரேம் போல்ட் தளரும், பைப் ஃபிளேர் நட் தளரும். ஸ்பேனர் போடாம பவர் கொடுக்காதீங்க. ஃபவுண்டேஷன் கான்கிரீட் டிசம்பர் குளிரில் மெதுவாத்தான் இறுகும். கீழே 28 நாள் கணக்குன்னா இங்கே அதுக்கு மேலேயே விட்டுடுங்க, ராத்திரி சாக்கு போட்டு மூடுங்க. லெவலை பெட் மேல வச்சு, ரெண்டு திசையிலும் மீட்டருக்கு 0.1 மில்லிமீட்டருக்குள்ளே கொண்டு வந்த பிறகுதான் கிரவுட் (அடியில் ஊத்துற கலவை).

ஊட்டி, ஹைட்ராலிக் மெக்கானிக்

ஸ்டார்ட் பண்ற வரிசையில் அவசரம் காட்டினா பம்ப் ஒரு நிமிஷத்தில் போயிடும்.

பிஸ்டன் பம்புன்னா கேஸ் டிரெயின் (உள்கசிவு எண்ணெய் வெளியேறுற துளை) வழியா எண்ணெய் ஊத்தி கேஸிங்கை நிரப்புங்க. ரிலீஃப் வால்வை (அழுத்தம் மிஞ்சினா திறக்கிறது) முழுசா லூஸ் பண்ணிடுங்க. மோட்டாரை ஒரு விநாடி தட்டி, சுத்துற திசை அம்புக்குறியோட பொருந்துதான்னு பாருங்க. மாறியிருந்தா ரெண்டு ஃபேஸை மாத்துங்க, ‘சும்மா கொஞ்சம் ஓடட்டும்’ வேண்டாம். பிறகு லோடு இல்லாம 20 நிமிஷம். டேங்க் சூடு 20 டிகிரி தாண்டின பிறகு ராமை (அழுத்துற தண்டை) முழு ஸ்ட்ரோக்கில் 15, 20 தடவை மெதுவா ஏத்தி இறக்குங்க. ராம் துள்ளித் துள்ளி வந்தா உள்ளே இன்னும் காற்று இருக்கு. சிலிண்டரில் எண்ணெய் நிறைஞ்சதும் டேங்க் மட்டம் இறங்கும், பார்த்து நிரப்புங்க.

அழுத்தம் படிப்படியாத்தான். சிலிண்டர் போர் (உள் விட்டம்) 250 மில்லிமீட்டர்னா பரப்பு 491 சதுர சென்டிமீட்டர்; சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தத்தில் 98 டன் வரும். அப்போ 50, 100, 150, 200 கிலோன்னு நாலு படி. ஒவ்வொரு படியிலும் பத்து அழுத்து, அஞ்சு நிமிஷம் ஹோல்டு, பிறகு கசிவு பார்க்கிறது. கசிவைக் கையால தடவாதீங்க, எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள்ளே ஏறிடும், காகித அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்க. ஹோல்டில் கேஜ் லேசா இறங்கினா பயப்பட வேண்டாம், புது சீல் படியும், எண்ணெயும் குளிரும். வேகமா விழுந்தா செக் வால்வு (ஒருவழி வால்வு) சீட்டில் தூசி, இல்லைன்னா பிஸ்டன் சீல். பெட் நடுவில் மைல்டு ஸ்டீல் கட்டை வச்சுத்தான் அழுத்தணும். ஓரத்தில் அழுத்தினா முதல் நாளே ராமில் கோடு விழும்.

கூடலூர், ரிப்பேர் ஷாப்

இங்கே உயரம் 1000 மீட்டர் பக்கம்தான், சக்‌ஷன் தொல்லை குறைவு. எங்க எதிரி தண்ணி. நிமிர்த்தி வச்ச பேரல் தலையில் மழைத் தண்ணி தேங்கும். ராத்திரி பேரல் குளிர்ந்து சுருங்கும்போது, மூடி இறுக்கமா இருந்தாலும் திரெட் வழியா தண்ணியை உள்ளே இழுத்துக்கும். படுக்க வச்சு, ரெண்டு மூடியும் கடிகாரத்தில் 3, 9 இருக்கிற இடத்தில் வர்ற மாதிரி திருப்புங்க. சீல் உடைக்காத புது எண்ணெயும் சுத்தம்னு நம்பாதீங்க, 10 மைக்ரான் ஃபில்டர் வழியாத்தான் டேங்குக்குப் போகணும்.

எண்ணெய் பால் மாதிரி வெளுத்தா ஒரு கிளாஸில் பிடிச்சு வைங்க. அடியிலிருந்து மேலே தெளிஞ்சா காற்று. அரை மணி ஆகியும் கலங்கலா இருந்தா தண்ணி. சந்தேகம்னா சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுங்க, கடுகு மாதிரி வெடிச்சா தண்ணியேதான்.

குன்னூர்

குளிருக்கு வி.ஜி. 32 போடலாமான்னு கேக்குறாங்க. காலையில் நாலு பேரிங் தட்டுற ஷாப்புக்குச் சரி. நாள் பூரா ஓடி டேங்க் 55 டிகிரி தொடுற இடத்தில் மெலிஞ்சு, உள்கசிவு கூடும்.

ஊட்டி

சரிங்க, ஆனா 46ஐயே வச்சுக்கிட்டு டேங்கில் ஹீட்டர் போடுறதுதான் என் கட்சி. ஹீட்டர் மெதுவா சூடேத்துற வகையா இருக்கணும், கடுமையா சுட்டா எண்ணெய் கருகி ஃபில்டரை அடைக்கும். மோட்டார் பவர் உயரத்தால குறையுமேன்னு கவலை வேண்டாம். நேம்பிளேட் கணக்கு 1000 மீட்டர், 40 டிகிரிக்கு. நம்ம ஷெட் 25ஐத் தாண்டாது, காற்று மெலிஞ்சதை குளிர் ஈடுகட்டிடும்.

50 மணி நேரத்தில் ரிட்டர்ன் ஃபில்டரை மாத்துங்க. பழையதை வெட்டிப் பாருங்க: கருப்புப் பொடி சகஜம், மினுங்குற பித்தளைச் சிலாம்பு கண்டா பம்பைத் திறக்கணும். ஃபிரேம் நட்டுகளுக்கு மறுபடி டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்குங்க. சாயந்திரம் ராமை மேலே ஏத்திட்டு நிறுத்துங்க. பனியில் நீட்டி விட்டா குரோமில் துரு புள்ளி விழும், அது அடுத்த மாசம் ராமைத் துடைக்கிற வைப்பர் சீலைக் கிழிக்கும்.