பவானி ஜமக்காளத்துக்கு வேர்ட்பிரஸில் ஒரு கடை: அனுபவப் பகிர்வு

பவானி, கைத்தறி வணிகம்:

வணக்கம். இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளிலும், அதனுடன் இணைந்து தளத்தைக் கடையாக்கும் வூகாமர்ஸிலும் கடை நடத்துபவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு இங்கே கேட்டிருந்ததால், என்னுடையதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் தந்தையார் நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து, கூலி தந்து, ஜமக்காளம் வாங்கி விற்றவர். 2019-இல் அந்த வியாபாரத்தை இணையத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முதலில் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில்தான் பொருளை ஏற்றினேன். அங்கே எங்கள் குழித்தறி ஜமக்காளமும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பும் ஒரே பெயரில் ஒரே வரிசையில் இருந்தன. விலை மட்டும் எங்களுடையது ஏறத்தாழ இரண்டு மடங்கு. கைத்தறிக்கென்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய வகைகளில் ஜமக்காளமும் ஒன்று என்பதையும், பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதையும், அந்த விலை எங்கிருந்து வருகிறது என்பதையும் விளக்கிச் சொல்ல அந்தப் பக்கத்தில் இடமில்லை. வாங்கியவரின் தொலைபேசி எண்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்று தலைமுறையாக வாடிக்கையாளரின் பெயரையும் ஊரையும் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்த குடும்பத்துக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பாகத் தெரிந்தது.

ஆகவே சொந்தத் தளம் என்று முடிவு செய்தோம். மாத வாடகைக்குக் கிடைக்கும் ஆயத்தக் கடைகளை ஒதுக்கிவிட்டு வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே: யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் 2003 முதல் வெளிவரும் அந்த மென்பொருளை எந்த ஹோஸ்டிங்கில் (தளத்தை வைத்து இயக்கும் வாடகைக் கணினியில்) வேண்டுமானாலும் நிறுவலாம்; பிடிக்காவிட்டால் தரவுத்தளத்தையும் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம்; யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மென்பொருளுக்குக் காசு இல்லை என்றாலும் டொமைன் பெயருக்கும் (இணையத்தில் தளத்துக்குரிய பெயர்) ஹோஸ்டிங்குக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு, வாங்குபவரின் பணத்தை இணையம் வழியே பெற்றுத் தரும் பேமெண்ட் கேட்வேக்கு ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு போகும், இவற்றுக்கெல்லாம் மேலாக நாள்தோறும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

தமிழில் கடை வைப்பவர்கள் முதலில் இடறும் இடத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். பொருளின் தலைப்பைத் தமிழில் எழுதினால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே அமைந்துவிடும். தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் முகவரியில் ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்கிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படுகின்றன. முகவரியில் தலைப்பிலிருந்து அமையும் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடங்கள். ‘பவானி கைத்தறி ஜமக்காளம்’ என்ற மூன்று சொற்களே 191 இடங்களைத் தின்றுவிடுவதால், அதன்பின் ‘ஆறு அடி’, ‘எட்டு அடி’ என்று நான் சேர்த்தவை எல்லாம் வெட்டுப்பட்டன. அது மட்டுமன்று, வாட்ஸாப்பில் அனுப்பும்போது இணைப்பு நீண்ட குறியீட்டுக் குவியலாகத் தெரிந்ததால், பெரியவர்கள் ஏதோ மோசடி என்று எண்ணித் தொடவே அஞ்சினார்கள். இப்போது தலைப்பைத் தமிழிலும் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்திலும் வைக்கிறேன்.

ஜிஎஸ்டி அமைப்பிலும் ஒரு தவறு செய்தேன். தமிழ்நாட்டுக்குள் விற்றால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு வரிகளையும் சேர்க்க வேண்டும். வூகாமர்ஸ் ஒரே முன்னுரிமை எண் கொண்ட வரிகளில் ஒன்றை மட்டுமே கணக்கிடும் என்பதை அறியாமல் இரண்டுக்கும் 1 என்றே இட்டிருந்தேன். பாதி வரிதான் வசூலானது. மாத இறுதியில் கணக்காளர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு ஒன்றுக்கு 1, மற்றொன்றுக்கு 2 என்று மாற்றினேன். மீதி வரியை எங்கள் கையிலிருந்தே கட்டினோம்.

என்னை உண்மையில் கலங்கவைத்தது வேறொரு நிகழ்ச்சி. மதுரையிலிருந்து ஒரு பாட்டி, பேத்தியின் திருமணத்துக்கென்று, எங்களிடம் ஒன்றே ஒன்றாக இருந்த பட்டு ஜமக்காளத்துக்கு யுபிஐ வழியே பணம் செலுத்தினார். பணம் போனதும் கைப்பேசியை மூடிவிட்டார். எங்கள் தளத்துக்கு அவருடைய திரை திரும்பி வரவில்லை. வூகாமர்ஸில் பணம் வராத ஆர்டருக்குச் சரக்கை ஒதுக்கி வைக்கும் நேரம் இயல்பாக 60 நிமிடங்கள் என்பதால், ஒரு மணி நேரம் கழித்து அந்த ஆர்டர் தானாக ரத்தாகிச் சரக்கு மீண்டும் விற்பனைக்கு வந்தது. அன்று மாலையே வேறொருவர் வாங்கிவிட்டார். பாட்டி மறுநாள் அழைத்து, ‘பணம் எடுத்துக்கிட்டீங்க, பொருள் இல்லைன்னு வருதேம்மா’ என்று கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்தபோதுதான் விவரம் புரிந்தது: வாடிக்கையாளரின் திரை திரும்பி வராவிட்டாலும் பணம் வந்த செய்தியைக் கேட்வேயின் கணினி நேராக எங்கள் தளத்துக்குச் சொல்வதற்கு வெப்ஹுக் என்ற ஏற்பாடு இருக்கிறது, அதற்குரிய முகவரியைக் கேட்வேயின் கணக்கில் நான் பதிவு செய்யவே இல்லை. நெசவாளர் ஒருவர் இரவும் பகலுமாகத் தறியில் அமர்ந்து அதே போன்ற ஒன்றை நெய்து கொடுத்ததால் திருமணத்துக்கு முன் அனுப்ப முடிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் நானே ஒரு சிறு தொகைக்கு ஆர்டர் போட்டு, பணம் கட்டியதும் உலாவியை வேண்டுமென்றே மூடிவிட்டு, ஆர்டர் சரியாகப் பதிவாகிறதா என்று பார்க்கிறேன்.

வியாபாரம் வளர்ந்தது விளம்பரத்தால் என்று சொல்ல மாட்டேன். ஜமக்காளத்தை எப்படித் துவைப்பது, சாயம் இறங்காமல் இருக்க என்ன செய்வது, வீட்டுக்கூடத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்று கடையில் அப்பாவிடம் மக்கள் கேட்டு வந்த கேள்விகளையே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு கட்டுரை எழுதினேன். தேடலின் வழியே துவைக்கும் முறையைப் படிக்க வந்தவர்கள் அங்கிருந்து கடைக்குள் வந்தார்கள். நீளமும் அகலமும் குறிப்பிட்டுக் கேட்கும் படிவத்தைச் சேர்த்த பிறகு கல்யாண மண்டபங்களும் இசைப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் தங்கள் கூடத்தின் அளவைச் சொல்லி நெய்து வாங்கத் தொடங்கின. இந்த ஆர்டர்கள்தான் பண்டிகை இல்லாத மாதங்களில் தறியை நிற்காமல் ஓடவைக்கின்றன. அளவு கேட்டு வாங்கும் வசதி எங்கள் தொழிலுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை வெளியார் தளத்தில் இருந்தவரை என்னால் உணரவே முடிந்திருக்காது.

தருமபுரி, சிறுதானிய விற்பனை:

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. நான் பட்டது பாதுகாப்புத் தொடர்பானது.

காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு தீமின் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) நகலை நண்பர் ஒருவர் எங்கிருந்தோ இறக்கித் தந்தார். ஜிபிஎல் உரிமத்தில் வந்த தீமை மறுபடி விநியோகிப்பது குற்றமில்லை என்பது சரிதான். ஆனால் இடையில் யார் கைபட்டது, எந்த வரியைச் சேர்த்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. புதுப்பிப்பும் நம்மை வந்தடையாது. சில மாதங்கள் கழித்து ஒரு வாடிக்கையாளர், ‘கூகுளில் உங்கள் கடையைத் தேடினால் ஜப்பானிய மொழியில் ஏதேதோ பொருள்கள் வருகின்றனவே’ என்றார். என் திரையில் தளம் எப்போதும் போலவே இருந்தது. தேடுபொறிக்கு ஒரு முகமும் எனக்கு வேறொரு முகமும் காட்டும்படி நிரலை ஒளித்து வைத்திருந்தார்கள். படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் கோப்புறைக்குள் பிஹெச்பி கோப்புகள், அதாவது தளத்தில் ஓடக்கூடிய நிரல்கள், கிடந்தன. எனக்குத் தெரியாத பெயரில் ஒரு நிர்வாகியும் இருந்தார்.

ஏழு நாள் காப்புப்பிரதிகள் என்னிடம் இருந்தன. ஏழிலும் அந்த நோய் இருந்தது, ஏனெனில் ஊடுருவல் அதற்கும் பல வாரங்களுக்கு முன்பே நடந்திருந்தது. கடைசியில் பொருள்களையும் ஆர்டர்களையும் மட்டும் தரவுத்தளத்திலிருந்து பிரித்தெடுத்து, வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் (அதற்குக் கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்கள்) அதிகாரப்பூர்வ இடத்திலிருந்து புதிதாக நிறுவி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, அப்லோட்ஸ் கோப்புறையில் பிஹெச்பி ஓடாதபடி தடுத்து, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் மறு ஆய்வு கேட்டேன். வேர்ட்பிரஸின் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் 2013 முதல் தாமாகவே நிறுவிக்கொள்கின்றன; தீமும் பிளகினும் நாமாக அமைத்தால் ஒழிய அப்படிச் செய்வதில்லை. இப்போது பயன்படுத்தாத பிளகின்களை நிறுத்தி வைப்பதோடு விடாமல் நீக்கியே விடுகிறேன். மாதம் ஒரு காப்புப்பிரதியைத் தனி வட்டில் எடுத்து ஓராண்டு வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சி, மரச்செக்கு எண்ணெய்:

‘எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம்’ என்று பவானி சகோதரி எழுதியிருப்பதைப் படித்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தளத்தை அமைத்துக் கொடுத்தவர் நல்ல வேலைக்காரர். ஹோஸ்டிங் கணக்கு என் பெயரில் இருந்தது. டொமைன் பெயரை மட்டும் அவசரத்தில் அவருடைய கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். நானும் கேட்டுப் பார்க்கவில்லை. பிறகு அவர் தொழிலை விட்டு வெளிநாடு போய்விட்டார், தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. புதுப்பிக்கும் நாள் கடந்து ஒரு காலையில் தளம் திறக்கவில்லை.

கோப்புகள் என்னிடம் இருந்தன, தரவுத்தளம் இருந்தது, ஆறு ஆண்டு ஆர்டர்களும் அப்படியே இருந்தன. பெயர் மட்டும் இல்லை. அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான குறியீட்டைப் பதிவுக் கணக்கின் உரிமையாளர்தான் எடுக்க முடியும். அந்த உரிமையாளர் நான் இல்லை. அந்தப் பெயரை அச்சிட்ட லேபிள்கள் ஒட்டிய பாட்டில்கள் கிடங்கு நிறைய இருந்தன. புதுப் பெயர் வாங்கி, தரவுத்தளத்தில் பழைய முகவரி வந்த இடங்களையெல்லாம் மாற்றி, கடையை ஒரே இரவில் திறந்துவிட்டோம். அந்த அளவுக்கு வேர்ட்பிரஸ் கை கொடுத்தது. பாட்டில்களில் புது ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்தும் பதினொரு நாள் ஆனது. பழைய பெயரில் தேடி வந்தவர்களில் எத்தனை பேரை இழந்தோம் என்று கணக்கிடவே முடியவில்லை.

பவானி, கைத்தறி வணிகம்:

பொள்ளாச்சி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவே எங்கள் டொமைன் கணக்கைத் திறந்து பார்த்தேன். பதிவு என் பெயரில்தான் இருந்தது. ஆனால் தொடர்புக்கு நான் கொடுத்திருந்தது, 2021-இல் விட்டுவந்த அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரி. புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் அனைத்தும் என்னால் திறக்க முடியாத அந்தப் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்திருக்கின்றன. இன்று காலை அடையாளச் சான்றை அனுப்பி மாற்றச் சொல்லியிருக்கிறேன். புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.