கடலில் நீந்தும் திருநங்கைகள், திருநம்பிகள்: உடல் அளவை வைத்து உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

முதலில் நானே எழுதுகிறேன். நான் திருநங்கை, உயரம் 181 செ.மீ., எடை 94 கிலோ. கடலில் 10 கிலோமீட்டருக்கு மேல் நீந்துவது பல வருடப் பழக்கம். போன பருவத்தில் ஒரு கூட்டு நீச்சலுக்குப் போயிருந்தேன். இடமோ பதக்கமோ கிடையாது, நேரத்தை மட்டும் குறித்துக் கொடுப்பார்கள். கையில் எண் எழுதும் வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் இருந்த பெண் என் தோளைப் பார்த்துவிட்டு, "இந்த உடம்போட வந்தா நாம எல்லாம் எதுக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் கேட்டுவிட்டது. அன்று அவர் என்னைவிட இருபது நிமிடம் முன்னதாகக் கரையேறினார்.

அதனால் எனக்கு எந்தச் சாதகமும் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எடுக்க ஆரம்பித்த சில மாதங்களிலேயே ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது, முன்பு போல மூச்சு தாங்கவில்லை. ஆனால் தசை மெதுவாகத்தான் கரைகிறது, முதல் வருடத்தில் சராசரியாக 5 சதவீதம் அளவுக்குத்தான் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உயரமும் கை நீளமும் உள்ளங்கை அகலமும் எத்தனை வருடமானாலும் அப்படியேதான் இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக் 10 கிலோமீட்டரில் ஆண்களில் வென்ற வெல்புரோக் 1 மணி 48 நிமிடத்திலும், பெண்களில் வென்ற அனா மார்செலா குன்யா 1 மணி 59 நிமிடத்திலும் முடித்தார்கள். இந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் தரவரிசைப் போட்டியில் யார் பெண்கள் பிரிவில் நீந்தலாம் என்பதற்கு ஒரு கோடு வேண்டும் என்பவர்கள் மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. 2022இல் உலக நீச்சல் சம்மேளனம் போட்ட விதிப்படி, ஆண் பருவமாற்றத்தை 12 வயதுக்கு முன்போ அதன் தொடக்கக் கட்டத்திலோ நிறுத்தியிருந்தால்தான் பெண்கள் பிரிவில் இடம். எனக்கு இல்லை. அழுதேன், அப்புறம் ஏற்றுக்கொண்டேன். 2023இல் பெர்லின் உலகக் கோப்பையில் அனைவருக்குமான திறந்த பிரிவு என்று ஒன்று அறிவித்தார்கள், ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. அதிலும் 50, 100 மீட்டர் குளப் பந்தயங்கள்தான், எங்களைப் போல நீண்ட தூரம் நீந்துபவர்களுக்கு ஒன்றுமில்லை.

நான் கேட்பது வேறு. யாரையும் முந்தாத, யாருடைய இடத்தையும் எடுக்காத ஒரு நீச்சலிலும் அந்தப் பந்தயக் கோட்டைக் கொண்டுவந்து என் தோளை அளக்க வேண்டுமா? தூரமும் குளிரும் கூடும்போது கணக்கே மாறுகிறது. 1978இல் பென்னி டீன் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயை 7 மணி 40 நிமிடத்தில் கடந்தார், ஆண்களையும் சேர்த்து 1994 வரை அதைவிட வேகமாக யாரும் கடக்கவில்லை.

*

அக்கா, எனக்கு நடந்தது அப்படியே தலைகீழ். நான் திருநம்பி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஆரம்பிப்பதற்கு முன் 15 டிகிரி தண்ணீரில் ஐந்து மணி நேரம் இருந்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் தோள் அகன்றது, குளத்தில் வேகம் கூடியது, எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு போய்விட்டது. கால்களை மேலே மிதக்கவிட்டதும் குளிரைத் தடுத்ததும் அந்தக் கொழுப்புதான் என்று கடலில் இறங்கியபின்தான் தெரிந்தது. மூன்றாவது மணியிலேயே விரல்கள் விரிந்து நின்றன, சேர்க்க முடியவில்லை. குளிரில் நினைவு தடுமாறுகிறதா என்று பார்க்கப் படகிலிருந்து பெயர் கேட்டிருக்கிறார்கள், நான் பழைய பெயரைச் சொல்லியிருக்கிறேன். உடனே ஏற்றிவிட்டார்கள். அது சரியான முடிவு. ஆனால் கரைக்கு வந்தபின், பழைய பெயரைச் சொன்னதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள், குளிரைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்னும் அது மனதில் உறுத்துகிறது.

ஆண்கள் பிரிவில் நீந்த எனக்குத் தடை இல்லை. ஊக்கமருந்துச் சோதனை உள்ள போட்டி என்றால் டெஸ்டோஸ்டிரோனுக்கு மருத்துவ விலக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். என் உடம்பு யாருக்கும் சந்தேகம் தரவில்லை, "தாங்குவியா தம்பி" என்று மட்டும் கேட்கிறார்கள்.

*

நான் திருநங்கை இல்லை, பிறப்பிலேயே பெண், 98 கிலோ. படகில் கண்காணிப்பாளராகவும் போவேன். இந்த விளையாட்டில் என் உடம்பை "குளிர் தாங்கும் உடம்பு" என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தார்கள். லின் காக்ஸ் 2002இல் அண்டார்டிகாவில் உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் ஒரு மைலுக்கு மேல் வெட்சூட் (குளிர் தடுக்கும் ரப்பர் உடை) இல்லாமல் நீந்தினார். அவருடைய கனத்தைச் சொல்லாமல் யாரும் அந்தச் சாதனையைச் சொல்வதில்லை. கொழுப்பு வேறு, எலும்பும் தசையும் வேறு என்று தெரியும், ஆனால் கரையில் நின்று பார்ப்பவர்கள் அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. போன வருடம் முடியை ஒட்ட வெட்டியிருந்தேன். உடை மாற்றும் அறையில் ஒரு பெண் என்னை வெளியே போகச் சொன்னார், ஈர உடையோடு நின்றுகொண்டு நான் பெண்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றுதான் திருநங்கைத் தோழிகள் ஒவ்வொரு முறையும் எதைச் சுமந்துகொண்டு அந்த அறைக்குள் நுழைகிறார்கள் என்று கொஞ்சம் புரிந்தது.

தம்பி, உங்களுக்கு ஒன்று. நாலைந்து கிலோ ஏற்றுங்கள், வெட்கப்படாதீர்கள். நீந்தும்போது முக்கால் மணிக்கு ஒரு முறை படகிலிருந்து வாங்கிக் குடிக்கிறீர்கள் என்றால் அரை மணியாகக் குறையுங்கள், வெதுவெதுப்பாகவே கொடுக்கச் சொல்லுங்கள். படகில் இருப்பவர்களிடம் உங்கள் இரண்டு பெயரையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழைய பெயர் வாயில் வந்தால் அது குளிர் ஏறிவிட்டதற்கு அடையாளம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

*

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த முறை நீங்களே படகில் வர முடியுமா?