ஹைடா ஸ்கேன், வெள்ளை மோஷன்: உங்கள் குழந்தைக்கு என்ன நடந்தது?
(பிலியரி அட்ரீசியா, அதாவது பித்தநாளம் அடைபட்டுப் பித்தம் குடலுக்கு வராத நோய் என்று சந்தேகப்பட்ட குழந்தைகளின் வீட்டார் எழுதியது. ஹைடா: மருந்தை ஊசியில் ஏற்றி, அது கல்லீரலிலிருந்து குடலுக்கு இறங்குகிறதா என்று பார்க்கும் ஸ்கேன்.)

குடியாத்தம் அம்மா:
பையனுக்கு அப்போது 52 நாள். பித்தம் ஓடுவதைத் தூண்டி ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதற்காக 5 நாள் பீனோபார்பிடோன் மருந்து கொடுத்து முடித்து, ஹைடாவுக்கு வேலூர் போனோம். ஊசி போட்டு கேமராவுக்கு அடியில் படுக்க வைத்தார்கள். கல்லீரல் திட்டாகத் தெரிந்தது, குடல் பக்கம் ஒன்றுமே வரவில்லை. மறுநாள் 24 மணி நேரப் படம். அதற்கு முன்னால் டெக்னீஷியன் நாப்கினை மாற்றச் சொன்னார். மூத்திரத்தில் இறங்கும் மருந்து படத்தைக் குழப்புமாம். மாற்றினேன். மோஷன் அப்போதும் புட்டி மாவு மாதிரிதான். திரையிலும் அதே வெறும் இடம். இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

ஆற்காடு அப்பா:
அந்த 5 நாளை ஏன் விட்டீர்கள்? எங்கள் பெண்ணுக்கு அல்ட்ராசவுண்டோடு முடிவெடுத்தார்கள். 4 மணி நேரம் பால் கூடாது என்று சொல்லிவிட்டதால் பசியில் அழுது அவளுக்குத் தொண்டையே கட்டிவிட்டது. டாக்டர் விலாவுக்குக் கீழே தேடிக்கொண்டே இருந்தார். பித்தப்பை நூல் மாதிரி. கல்லீரல் வாசலில் முக்கோணமாக நார்த்திட்டு. ஆபரேஷன் மேஜையில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்து, அப்போதே குடலைக் கல்லீரலோடு இணைத்துப் பித்தத்துக்கு வழி செய்யும் கசாய் ஆபரேஷன்.

ஆம்பூர் பாட்டி:
ஆற்காட்டுத் தம்பி, அப்படிச் சொல்லாதீங்க. பித்தப்பை ஒழுங்காகத் தெரிகிற குழந்தைக்கும் இந்த நோய் இருக்கலாம். என் பேத்திக்குச் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் ஹைடாவில் மறுநாள் குடலுக்கு மருந்து வந்துவிட்டது. பித்தநாளம் திறந்திருக்கிறது, இது கல்லீரல் அழற்சி என்றார்கள். கத்தி படாமல் தப்பினாள்.

ராணிப்பேட்டை:
வெயிலில் காட்டினால் காமாலை இறங்கிவிடும் என்று நம்பி எங்களுக்கு 80 நாள் போய்விட்டது. சரி, புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் கேளுங்கள். 2 வாரம் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால், ரத்தத்தில் மொத்த பிலிருபினோடு (காமாலையின் மஞ்சள் நிறமி) விடாமல், பித்தம் தேங்கினால் ஏறுகிற டைரக்ட் பிலிருபின் எவ்வளவு என்று கேளுங்கள். மோஷனைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விடுகிறதா பாருங்கள். கசாய் என்ற ஜப்பான் டாக்டர் 1959இல் எழுதிய முறைதான் இன்றும் செய்கிறார்கள்; 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓட வாய்ப்பு அதிகம்.

குடியாத்தம் அம்மா:
ஆற்காடு அண்ணா, அந்த 5 நாளை நானும் விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். 59ஆம் நாள் ஆபரேஷன். அப்புறம் பத்து நாள் கழித்து, நாப்கினில் பச்சையாக ஒரு தீற்றல். தூக்கிப் போட மனசு வரவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மாமியாரிடம் காட்டினேன்.