உலகக் கோப்பைக்கு ஜெர்சி எடுத்து விற்கலாமா? எல்லைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

எல்லைக்காரன்:

வணக்கம். வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கோவை மாவட்டத்துக்குள், எனக்கு ஒரு சின்ன பிரிண்டிங் கடை. கல்யாணப் பத்திரிகை, ஐடி கார்டு, பள்ளி விளையாட்டு விழா டீ-சர்ட், இதுதான் தொழில். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பாலக்காட்டுப் பக்கத்து ஆட்கள். 2026 கால்பந்து உலகக் கோப்பை ஜூன் 11-ல் தொடங்கி ஜூலை 19 வரை போகிறது, இந்தத் தடவை 48 அணி, 104 ஆட்டம். சித்தூர், கொல்லங்கோடு கிளப் பையன்கள் இப்போதே வந்து விலை கேட்டுவிட்டுப் போகிறார்கள். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. திருப்பூருக்குப் போய் அர்ஜென்டினா, பிரேசில், போர்ச்சுகல் மூன்றையும் மொத்தமாக எடுத்து வந்து அடுக்கிவிடலாமா என்று யோசனை. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். ஆட்டம் நடப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும், நம் பக்கத்துச் சின்னக் கடைக்கு அதில் உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா? 2018, 2022-ல் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மீனாட்சிபுரம் ஜெர்சிக்கடை:

தம்பி, வீட்டில் சொல்வதைக் கேள், ரெடிமேடாக அடுக்காதே. நான் 2022-ல் அதைத்தான் செய்தேன். டிசம்பர் 9 ராத்திரி பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்றபோது என் கடையில் மஞ்சள் மட்டும் 340 உருப்படி பிரிக்காமல் கிடந்தது. அதுவரை தினமும் இருபது முப்பது போய்க்கொண்டிருந்த சரக்கு, மறுநாள் காலையிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. அன்று ராத்திரியே போர்ச்சுகலும் மொராக்கோவிடம் தோற்று வெளியே போனது. மஞ்சளை அடுத்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹவுஸ் கலர் டீ-சர்ட் என்று அடக்க விலைக்கும் கீழே கொடுத்துத்தான் தீர்த்தேன். சரி, அர்ஜென்டினாவாவது ஜெயித்ததே என்று பார்த்தால், 18-ம் தேதி ராத்திரி ஃபைனல் முடிந்து காலையில் வந்த பையன்கள் ஜெயித்த கோப்பைக்கு ஒன்று என்று மூன்று நட்சத்திரம் போட்டதுதான் வேண்டும் என்கிறார்கள், என்னிடம் இருப்பதெல்லாம் இரண்டு நட்சத்திரம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். திருப்பூரில் வெள்ளை டாட் நிட் பாலியஸ்டர் துணியை ரோலாக எடுத்துவிடுகிறேன். சப்ளிமேஷன் மை (பேப்பரில் அடித்துச் சூட்டில் துணிக்கு ஏற்றுவது) வெள்ளை பாலியஸ்டரில்தான் முழு நிறத்தோடு ஏறும், காட்டனில் போட்டால் இரண்டு சலவைக்கு மேல் நிற்காது, யாராவது காட்டன் பாதி கலந்த துணியைத் தள்ளிவிட்டால் வாங்காதே. நிறம், நம்பர், பெயர் எல்லாமே ஆர்டர் வந்த பிறகு பேப்பரில் அடித்து பிரஸ்ஸில் வைப்பதுதான். எந்த அணி தோற்றாலும் வெள்ளைத் துணி வெள்ளைத் துணியாகவே இருக்கும், உலகக் கோப்பை முடிந்தால் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) டோர்னமென்ட்டுக்கு ஓடும். பாதி அட்வான்ஸ் வாங்காமல் பேப்பரே அடிக்காதே, தெரிந்த பையனாக இருந்தாலும்.

கணக்கு எழுதுபவன்:

மேலே அண்ணன் நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னார், அந்த நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கிற முத்திரைதான் சிக்கல். நாட்டின் நிறத்தை, நீல வெள்ளைப் பட்டையை, பந்துப் படத்தை நீங்கள் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் முத்திரை, ஜெர்சி கம்பெனியின் குறி, போட்டியின் லோகோ, கோப்பையின் படம் இதெல்லாம் உரிமை வாங்கியவர்களுடையது. கடைவீதி முழுக்க எல்லோரும் போடுகிறார்களே என்பீர்கள். வர்த்தகச் சின்னச் சட்டம் 1999, 103, 104 பிரிவுகளில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது, சோதனை வந்தால் முதலில் போவது உங்கள் மெஷின்தான். முத்திரை இருக்கும் இடத்தில் கிளப்பின் பெயரைப் போட்டுக் கொடுங்கள், முதுகில் பையனின் சொந்தப் பெயர். அதற்கு அவன் கூடுதலாகவே கொடுப்பான். கடை போர்டிலும் "உலகக் கோப்பை அதிகாரபூர்வ ஜெர்சி" என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, எல்லையில் இருப்பதால் கேட்கிறேன், நீங்கள் ஜிஎஸ்டியில் காம்போசிஷனில் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் திட்டம்) இருக்கிறீர்களா? இருந்தால் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கவே முடியாது. பாலக்காட்டுக் கடைக்காரருக்கு பில் போட்டு வண்டியில் ஏற்றி அனுப்புவதாக இருந்தால் ரெகுலருக்கு மாறிய பிறகு அனுப்புங்கள், 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் ஈ-வே பில்லும் (சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) வேண்டும். 2017-ல் வாளையாறு வரிச் சோதனைச்சாவடியை எடுத்துவிட்டார்கள் என்று நிறையப் பேர் தைரியமாகப் போகிறார்கள், வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம்.

களியக்காவிளை சிப்ஸ்:

நான் துணிக்காரன் இல்லை, நேந்திரங்காய் சிப்ஸும் மிக்சரும் போடுகிறவன், ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. 2017 அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் கொச்சியில் நடந்தன, பிரேசில், ஸ்பெயின் எல்லாம் வந்தார்கள். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துத் தருவதாக ஒரு இடைத்தரகர் என்னிடம் அட்வான்ஸ் வாங்கினார். நடந்தது என்ன தெரியுமா, ஸ்டேடியம் கட்டடத்திலேயே வருடக்கணக்காக இருந்த கடைகளையே போட்டி முடியும்வரை மூடச் சொல்லிவிட்டார்கள், என்னை எங்கே விடுவார்கள்? அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. ஆனால் அதே நாட்களில் ஸ்டேடியம் இருக்கிற கலூர் பக்கம் பஸ் இறங்கும் இடத்திலும் சின்ன லாட்ஜுகளுக்குக் கீழேயும் இருந்த டீக்கடைகளில் நிற்க இடமில்லை. ஆட்டம் சாயந்தரம் 5 மணிக்கும் 8 மணிக்கும், ஜனம் மதியமே வந்து இறங்கிவிட்டது, அவர்களுக்குப் பசிக்காதா? அதற்குப் பிறகு நான் ஸ்டேடியம் வாசலைப் பார்ப்பதே இல்லை, ஜனம் எந்த வழியாக வருகிறது, எத்தனை மணிக்குச் சாப்பிடும் என்பதை மட்டும்தான் பார்க்கிறேன்.

இந்தத் தடவை நேரத்தைக் கவனியுங்கள். முதல் ஆட்டம் நமக்கு ஜூன் 12 நள்ளிரவு 12.30, ஃபைனலும் ஜூலை 20 நள்ளிரவு 12.30. நடுவில் விடிந்த பிறகு முடியும் ஆட்டங்களும் உண்டு. கிளப்பில் ஐம்பது பேர் ராத்திரி முழுக்க விழித்திருந்தால் டீ, கட்டன் (பால் சேர்க்காத டீ), பரோட்டா, முட்டை, சிப்ஸ் எல்லாம் வேண்டும், நம் தெருவில் அந்த நேரத்தில் என்ன திறந்திருக்கிறது? நான் இப்போதே எங்கள் பக்கத்து மூன்று கிளப்புகளிடம், ஆட்டத்துக்கு இத்தனை கிலோ என்று பேசி வைத்திருக்கிறேன். பெரிய திரை போட்டு டிக்கெட் வைக்கிறோம், விளம்பரம் பிடிக்கிறோம் என்று யாராவது வந்தால் ஒளிபரப்பு உரிமை வாங்கினார்களா என்று கேளுங்கள், வாங்காத இடத்தில் உங்கள் கடையின் பெயரைப் போடாதீர்கள். அப்புறம் மழை. 2022 நவம்பர், டிசம்பரில் நடந்ததால் தப்பித்தோம், இது 2018 மாதிரி நடு மழைக்காலம். தார்ப்பாயும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது நல்ல சீசன்.

கொழிஞ்சாம்பாறை டெய்லரக்கா:

எல்லோரும் ஜெர்சியையே பேசுகிறீர்கள், கொடியை மறந்துவிட்டீர்களே. ஜெர்சி ஒருவனுக்கு ஒன்று. கொடி தெருவுக்கு இத்தனை என்று போகும், அதுவும் அடுத்த கிளப்பை விட ஒரு அடியாவது பெரிதாக வேண்டும் என்பார்கள். கேரளாவில் பிவிசி ஃபிளெக்ஸுக்கு 2019-லேயே தடை வந்துவிட்டதால் துணி பேனருக்கும் எங்களிடம்தான் வருகிறார்கள். 2018-ல் நாங்கள் காட்டனில் தைத்துக் கொடுத்தோம், மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனம் தாங்காமல் கயிறோடு இறங்கிவிட்டது, பையன்கள் ராத்திரியே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மெல்லிய பாலியஸ்டர்தான் சரி. ஓரத்தை இரண்டாக மடித்து அடிக்க வேண்டும், கயிறு வருகிற பக்கம் காடாத்துணிப் பட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே கிழியும். அர்ஜென்டினா கொடியில் சூரியனுக்கு முகம் உண்டு, அதை வெட்டி ஒட்டித் தைக்க உட்கார்ந்தால் ஒரு கொடிக்கு ஒரு நாள் போய்விடும், பிரிண்ட்தான் போட வேண்டும். பிரேசிலில் நீல உருண்டைக்குள் எழுத்து இருக்கிறது, பின்பக்கம் அது திரும்பித் தெரிகிறது என்று போன தடவை இரண்டு கொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்னாலேயே சொல்லிவிடு தம்பி, இரண்டு பக்கமும் நேராக வேண்டும் என்றால் இரட்டைத் துணி, இரட்டை விலை.

எங்கள் குடும்பஸ்ரீ (கேரளப் பெண்கள் சுய உதவிக் குழு) குழுவில் ஐந்து மெஷின் இருக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதால் மே கடைசி வரை யூனிஃபார்ம் வேலை, மூச்சுவிட நேரம் இருக்காது. ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு என்றால் நீ பிரிண்ட் அடி, நாங்கள் தைக்கிறோம். கூலி பீஸ் கணக்கு, வாரா வாரம் சனிக்கிழமை தீர்த்துவிட வேண்டும்.

எல்லைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. காம்போசிஷனில்தான் இருக்கிறேன், இப்படி ஒரு விஷயம் இருப்பதே எனக்குத் தெரியாது, நாளைக்கே ஆடிட்டரைப் பார்க்கிறேன். திருப்பூர் போவது உறுதி, ஆனால் ரெடிமேடுக்கு இல்லை, முப்பதாயிரத்துக்கு வெள்ளை ரோல் மட்டும். என் பிரஸ் மார்பு பிரிண்ட் போடுகிற சின்ன சைஸ், முழு ஜெர்சிப் பேனல் அதில் அடங்காது, மீனாட்சிபுரம் அண்ணே, உங்கள் பெரிய பிரஸ்ஸில் கூலிக்கு அடித்துத் தருவீர்களா? அக்கா, வருகிற ஞாயிற்றுக்கிழமை துணி மாதிரி எடுத்துக்கொண்டு வருகிறேன், சித்தூர் கிளப் பதினைந்து அடிக் கொடி கேட்கிறது, அதற்கு நடுவில் ஒட்டு வருமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டெய்லரக்கா:

பதினைந்து அடி என்றால் ஒட்டு வந்தே தீரும். பட்டை மாறுகிற இடத்தில் ஒட்டை வைத்தால் தெரியாது, அதற்குத் தகுந்த மாதிரி பிரிண்டைப் பிரித்து அடி. காலையில் பத்து மணிக்கு மேல் வா.